ஜன்னலோரத்து இடம்

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு தொடங்கிய அன்று எங்கள் துறைத் தலைவர் ஒவ்வொருவரையும் எழுப்பி நிறுத்தி இரண்டு கேள்விகள் கேட்டார். இந்த வருஷம் படிப்பில் எதை எட்டப்போகிறாய்? படிப்புக்கு வெளியே ஊருக்கு என்ன செய்யப்போகிறாய்? முன்வரிசைக்காரர்கள் உலகத்தையே தூக்கி நிறுத்துவதாகச் சொன்னார்கள். ஒருத்தி கரிசல் காடு முழுக்க மரம் நடப்போவதாகச் சொன்னாள். அவள் வீட்டுத் துளசிக்கே அவள் அம்மாதான் தண்ணீர் ஊற்றுவார், எனக்குத் தெரியும். என் முறை வந்தபோது, கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. கணிதத்துக்கு இடம் வாங்குவேன், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கொஞ்சம் பேரைக் கணக்கில் தேற வைப்பேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டும் நடந்தது. ஆனால் அதைச் செய்தது நான் மட்டும்தானா என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் எனக்குச் சட்டென்று பதில் வராது.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற பஸ்ஸில் ஏறி, நடுவழியில் ஒரு வேப்பமரத்து நிறுத்தத்தில் இறங்கி, காட்டு வழியாக உள்ளே நடந்தால் அந்த ஊர் வரும். எங்கள் கல்லூரி மாணவர் முகாம் அங்கே நடந்தபோதுதான் பார்த்தேன். அந்த ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு வராது. பன்னிரண்டில் கணக்கு போய்விட்டால் அடுத்த வாரமே வேலைக்கு ஏற்றிப்போகத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வாசலில் வந்து நிற்கும். அந்த வருஷம் பன்னிரண்டில் இருந்த ஐந்து பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லித் தருவதாக முடிவு செய்தேன். இடம்தான் இல்லை. பள்ளிக்கூடத்தை ஞாயிறு திறக்க மாட்டார்கள். சமுதாயக் கூடத்தில் யாருடைய உர மூட்டைகளோ உட்கார்ந்திருந்தன. அப்போதுதான் ஒரு அம்மா தானாகவே வந்து, தங்கள் வீட்டில் ஒரு அறை இருப்பதாகச் சொன்னார். சொந்தக் காடும் ஒரு ஜோடி மாடும் உள்ள விவசாயக் குடும்பம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"என் மகளுக்கும் சேத்துச் சொல்லிக் குடுக்கணும் டீச்சர்."

அதற்கென்ன, வரச் சொல்லுங்கள் என்றேன்.

"வரவெல்லாம் வேண்டாம். அங்கனதான் இருக்கா."

அறை அழகாக இருந்தது. வெள்ளை அடித்து, தரை கழுவி, சுவரில் ஒரு சதுரத்துக்குக் கறுப்பு பெயின்ட் கூட அடித்திருந்தார்கள். ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு மேலே பரணில் ஒரு ஓலைப்பெட்டி, அதன் முன்னால் விளக்கு. ஐந்து பெண்களும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். காற்று வருகிற ஒரே இடம் அந்த ஜன்னலடி. அதை விட்டுவிட்டு ஐவரும் சுவரோரம் புழுக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். யாராவது ஒருத்தி அங்கே போய் உட்காரக் கூடாதா என்று அதட்டினேன். ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஐந்து பேரில் வாய்த்துடுக்கும் அவளுக்குத்தான், மூளையும் அவளுக்குத்தான். அவள் சொன்னாள்:

"அங்கன அக்கா இருக்காவ."

பயந்து சொல்லவில்லை. பஸ்ஸில் ஆள் இருக்கிறது என்று சொல்வோமே, அப்படிச் சொன்னாள்.

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. அந்த அம்மாவின் ஒரே மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது, பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் காய்ச்சலில் இறந்துபோனாள். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணை வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். ஓலைப்பெட்டியில் பாவாடை, சட்டை, வளையல், ரிப்பன், பவுடர் டப்பா எல்லாம் வைத்து, தை பிறந்தால் புதுத்துணி எடுத்து வைப்பார்கள். கன்னி வீட்டுக்குக் காவல் இருப்பாள். இதில் எனக்குப் புதுசாக ஒன்றும் இல்லை. கோவில்பட்டியில் எங்கள் வீட்டிலேயே ஒரு கன்னி உண்டு, அப்பாவின் அக்கா. சின்ன வயதில் போனவள். அப்பாவுக்குத் தலை நரைத்துவிட்டது, அத்தைக்கு இன்னும் சின்னப்பிள்ளைப் பாவாடைதான் எடுக்கிறோம். இறந்தவர்களுக்கு வயது ஏறுவதில்லை.

அந்த வீட்டில் ஏறியது. முதல் வருஷம் பள்ளிக்கூடச் சீருடை வைத்தாராம் அந்த அம்மா. அடுத்த தையில் சுடிதார். அதற்கடுத்த தையில் அதைவிட ஒரு அளவு பெரிய சுடிதார். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"அவ வளந்துட்டால்லா. இந்நேரம் காலேஜுல இருப்பா. அவ படிப்ப முடிக்கணும் டீச்சர், அதப் பாக்காம நான் கண்ண மூட மாட்டேன்."

உயிரோடிருந்தால் அவளுக்கும் என் வயதுதான். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்ன விதத்தில் அது தெரிந்தது. எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் அறை வேண்டுமே. சரி என்றேன்.

எங்கள் பக்கத்தில் ராத்திரியைவிட உச்சிப்பொழுதுக்குத்தான் பயப்படுவார்கள். வெயில் நேரே தலைக்கு மேல் நிற்கும்போது ஊர் அப்படியே வாய் மூடிக்கொள்ளும். நாய் குரைக்காது. கோழி கூட நிழலை விட்டு வராது. ஆடு மேய்க்கிறவர்கள் ஒற்றை மரத்தடியில் தனியே படுக்க மாட்டார்கள். தூரத்தில் கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலைகள் மட்டும் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பெண்களுக்கு வீட்டுவேலை, காட்டுவேலை ஒழிவது அப்போதுதான் என்பதால் என் வகுப்பு சரியாக அந்த நேரத்தில் அமைந்தது. கெட்ட நேரத்தைத் தேடிப்பிடித்து வைத்தாளே என்று என் அம்மா வீட்டில் தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் திரும்பி நின்று சுவரில் கணக்கு எழுதும்போது பின்னால் பேனாக்கள் ஓடுகிற சத்தம் கேட்கும். அது எந்த வாத்தியாருக்கும் பிடித்த சத்தம். நான் எழுதி நிறுத்தியதும் பேனாக்களும் ஒவ்வொன்றாக நிற்கும். எல்லாம் நின்ற பிறகும் ஒன்று மட்டும் இன்னும் கொஞ்சம் ஓடும். திரும்பினால் நின்றுவிடும். ஐவரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓலைப்பெட்டிக்குள் பல்லி இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். ஓலைப்பெட்டி என்றால் பல்லி இருக்கத்தானே செய்யும்?

ஒரு ஞாயிறு பஸ்ஸை விட்டு இறங்கினால், வேப்பமரத்தடியில் அந்த அம்மா எனக்காக நிற்கிறார். எப்போதும் அப்படி வருகிறவர் இல்லை.

"போன வாரம் நடத்துன கணக்கு அவளுக்கு வெளங்கலையாம் டீச்சர். வெள்ளன கனவுல வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அத மட்டும் இன்னொரு தடவ நடத்திருங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உயிரோடு இருக்கிற ஐந்து பேரும் விளங்கியது என்று தலையாட்டியிருக்கிறார்கள், இது என்ன கூத்து? இருந்தாலும் வெயிலில் நடந்து வந்து கேட்கிறவரிடம் எப்படி முகத்தை முறிப்பது? போய் அதே கணக்கை மறுபடியும் சுவரில் போட்டேன். பாதியில் கை நின்றுவிட்டது. போன வாரம் நான் தப்பாக நடத்தியிருந்தேன். அணியின் நிரைகளை நிரல்களாகத் திருப்பி எழுத வேண்டிய ஒரு படியை அப்படியே விழுங்கியிருந்தேன். ஐந்து பெண்களும் அந்தத் தப்பைக் கோடு போட்டுக் கட்டம் கட்டி அழகாக எழுதி வைத்திருந்தார்கள். பரீட்சையில் நிச்சயம் வரக்கூடிய கணக்கு அது.

அழித்துவிட்டுத் திருத்தமாக நடத்தினேன். வகுப்பு முடிந்ததும் யார் அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னது என்று ஒவ்வொருத்தியாக விசாரித்தேன். ஆட்டுக்கார வீட்டுப் பெண் என்னைப் பாவம் போலப் பார்த்தாள்.

"எங்களுக்கே தப்புன்னு தெரியலயே அக்கா. நாங்க எப்படிச் சொல்லுவோம்?"

அந்த அம்மா இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவர். அதற்கு முன்போ பின்போ அவர் அப்படி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஒரு பாடத்தை இரண்டாம் முறை நடத்தினால் எந்தத் தப்பும் கண்ணில் படத்தான் செய்யும், அதில் அதிசயம் இல்லை என்று பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் அதற்கப்புறம் முந்தின நாளே எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்க்காமல் அந்த அறைக்குள் நான் கால் வைத்ததில்லை. ஐந்து பேருக்குப் பயப்படாதவள் ஒருத்திக்குப் பயந்தேன். பயம்தான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

பொங்கலுக்கு முன்னால் அவர் கோவில்பட்டிக்குத் துணி எடுக்க வந்தபோது என்னையும் கடைக்கு அழைத்தார். மாடியில் சுடிதார் பகுதியில் ஒரு ஊதா நிறத்தை எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தார். திரும்பி நிற்கச் சொன்னார். "உங்க அளவுதான் அவளுக்கும்" என்றார். கடைப்பெண் எனக்கு எடுப்பாக இருப்பதாகச் சொல்ல, இது என் மகளுக்கு என்று இவர் சொல்ல, மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் அளவு பார்த்திருக்கலாமே என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கூடத்தான் வந்திருக்கா" என்றார் அந்த அம்மா.

அங்கே சுவர் முழுக்கக் கண்ணாடி. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் விறுவிறுவென்று படியிறங்கி, தெருவில் வந்து நின்றுகொண்டேன்.

பரீட்சை முடிவு வந்தது. ஐந்து பெண்களும் கணக்கில் தேறினார்கள். ஆட்டுக்கார வீட்டுப் பெண் எங்கள் கல்லூரியிலேயே கணிதத்துக்கு விண்ணப்பித்தாள். எனக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. சொல்லிவிட்டு வரலாம் என்று ஊருக்குப் போனேன். அந்த அம்மா சந்தோஷப்பட்டார், காப்பி கொடுத்தார், அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளையும் கூட்டிட்டுப் போங்க. பிடிமண் தாரேன்."

பிடிமண் எடுப்பது என்னவென்று எனக்குத் தெரியும். பிழைப்புக்காக வேற்றூர் போகிறவர்கள் குலசாமி கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு போய், போன இடத்தில் அதை வைத்துக் கும்பிடுவார்கள். சாமி கூடவே வந்துவிடும். வழியில் கீழே வைக்கக் கூடாது என்பது மட்டும் கட்டளை. ஆனால் லேடீஸ் ஹாஸ்டலுக்குப் பிடிமண் கொண்டுபோனதாக நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்பு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அவருடைய கணவர் நிமிர்ந்தார். அதிகம் பேசாத மனிதர்.

"அவ போயிட்டா வீட்டுக்கு யாரு காவல்?"

"காவல் காக்கவா அவளப் பெத்தேன்? படிக்கணும் படிக்கணும்னு சொன்ன பிள்ள."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். இனி நான் மறுத்தால் அந்த அம்மா நிற்க இடமில்லாமல் போய்விடுவார் என்று தோன்றியது. அதனால்தான் சரி என்றேனா, அல்லது வேறு யாரோ என் வாயால் சரி என்றார்களா, தெரியாது.

உச்சிவேளையில்தான் எடுக்க வேண்டுமாம். அவர்கள் காட்டின் ஓரத்தில், ஒரு உடைமரத்துக்குப் பக்கத்தில் அவளைப் புதைத்திருந்தார்கள். மழை இல்லாத கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. முழுக்கையை விட்டாலும் அடி தட்டாத வெடிப்புகள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே அவளுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். கல்லாக இறுகிக் கிடந்த மண்ணை மண்வெட்டியால் பொடித்து, கட்டி இல்லாமல் கையால் உதிர்த்துத் தயாராக வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு உடைமரத்துக்கு அந்தப் பக்கமாய்ப் போய் முதுகைக் காட்டி நின்றார்.

அந்த அம்மா மண்டியிட்டு, ஒரு வெடிப்புக்குள் வாயை வைத்துக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுப்புகிற குரல்.

"ஏட்டி, கெளம்பு. அக்கா வந்து நிக்கா பாரு."

என் கணுக்காலில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. கரிசல் வெடிப்பு ஆழமானது, அடியில் ஈரம் இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஓடிப்போய்விடலாமா என்றுதான் நினைத்தேன். அதற்குள் மஞ்சள் துணியில் முடிந்த மண் என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. அந்த வெயிலில் அது சுடவே இல்லை.

ரயிலில் கோயம்புத்தூர் வரை அதை மடியில் வைத்திருந்தேன். படித்தவள் செய்கிற காரியமா என்று எனக்கே என் மேல் எரிச்சல், இருந்தும் கீழே வைக்கவில்லை.

ஹாஸ்டலில் எனக்குக் கொடுத்தது இரண்டு பேர் அறை. கூட இருக்க வேண்டிய பெண் கல்லூரியில் சேரவே இல்லை. அப்புறம் ஒதுக்கப்பட்டவள் வெளியே வீடு பார்த்துக்கொண்டாள். மூன்றாவதாக வந்தவள் ஒரு நாள் பகல் மட்டும் இருந்துவிட்டு, அறை குளிர்கிறது என்று சொல்லி மாற்றிக்கொண்டு போனாள். வார்டன் அதற்குமேல் மெனக்கெடவில்லை. ஜன்னலோரத்துக் கட்டில் காலியாகவே கிடந்தது. அதன் தலைமாட்டு அலமாரியில் மஞ்சள் முடிச்சை வைத்திருந்தேன்.

அங்கேதான் எனக்குச் சத்தமாகச் சொல்லிப் படிக்கிற பழக்கம் வந்தது. காலிக் கட்டிலைப் பார்த்து நடத்துவேன். விளங்கின பாடம் தடையில்லாமல் போகும். விளங்காததை விளங்கின மாதிரி தாண்டப் பார்த்தால், அறையே காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நிற்கும். திரும்பப் போய் அந்த வரியைச் சரி செய்யாமல் மேலே போக விடாது. வகுப்பில் முதலாவதாக வந்தேன். எப்படிப் படிக்கிறாய் என்று எல்லாரும் கேட்டார்கள். கூட ஒருத்தி இருக்கிறாள், அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று சொல்ல முடியுமா?

வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த அம்மா போன் செய்வார். முதல் தடவை, "ரெண்டு பேரும் சாப்ட்டீங்களா?" என்றார். நான் சாப்பிட்டேன் என்றேன். "அவ?" என்று கேட்டார். அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வெள்ளியிலிருந்து "சாப்பிட்டோம்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். போகப்போக யோசிக்காமலே சொன்னேன்.

படிப்பு முடிந்தது. சென்னையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. எதற்கும் ஒரு முடிவு வேண்டும் இல்லையா? மண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று மஞ்சள் முடிச்சை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அந்த அறையில் பாடம் நடந்துகொண்டிருந்தது. நடத்தியது ஆட்டுக்கார வீட்டுப் பெண், இப்போது கல்லூரி மூன்றாம் ஆண்டு. பிள்ளைகள் அறை முழுக்கப் பரவி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலடியில் இரண்டு வாண்டுகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டிருந்தார்கள். பரணில் பெட்டி இல்லை, விளக்கு இல்லை. வாசலில் நின்றபடியே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த அறையில் யாரும் இல்லை. வெறும் அறை. நான் நடத்திய காலத்தில் அதில் இருந்தது பல்லி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பெட்டியில் இருந்த துணிமணிகளை எல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டதாக அந்த அம்மா சொன்னார். அதான் அவள் இங்கே இல்லையே, யாருக்கு விளக்கு வைக்க என்று கேட்டார். நான் முடிச்சை எடுத்து நீட்டினேன். படிப்பு முடிந்துவிட்டது, நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் என்றேன். அவர் கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"படிச்ச பிள்ளைய மறுபடியும் பெட்டிக்குள்ள போட்டு மூடச் சொல்லுதீங்களா? அடுத்து எங்க போறீங்களோ அங்க கூட்டிட்டுப் போங்க டீச்சர்."

எனக்கு அழுகைதான் வந்தது. அவர் அழவில்லை. அவருடைய கணவர் உள்ளேயிருந்து வந்து, சென்னை ரொம்ப தூரமோ என்று மட்டும் கேட்டார். ஒரு ராத்திரி ரயில் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

வேப்பமரத்து நிறுத்தம் வரை இருவரும் வந்து வழியனுப்பினார்கள். உச்சிப்பொழுது. பஸ் வந்தது. இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஏன் அப்படி உட்கார்ந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த அம்மா வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

"ஏட்டி, அக்கா சொன்னபடி கேட்டு நட. போயி சேந்ததும் சொல்லு" என்றார்.

பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. தலையில் கூடையோடு வந்த ஒரு பெண்மணி, என் பக்கத்து இடத்தைக் காட்டி, ஆள் இருக்கிறதா என்று கேட்டார்.

"ஆமா, இருக்கு" என்றேன்.

அந்தப் பெண்மணி கோவில்பட்டி வரைக்கும் என்னை முறைத்தபடி நின்றுகொண்டே வந்தார்.